எட்டுப் பேருக்கு ஒரு கோட்டு

“…அவரு நல்லவரு, இவரு நல்லவருன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லி என்னைய உக்கார வச்சுராதீய அண்ணாச்சி. மூணு நாளா ரயில்ல உக்காந்துதான் வந்திருக்கேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். சித்திரையில எங்க கொழுந்தன் ஒரு கோட்டு போட்டுக்கிட்டு ஊருக்கு வந்தாரே, அந்தக் கோட்டு யாருது?”

தாராவியில் எங்கள் அறை வாசலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலில், அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள். அவளுடைய புருஷன் போய் மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை. திருநெல்வேலிச் சீமையில் ஒன்றரை ஏக்கரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிய சம்சாரி அவர். ஆவணியில் ஒரு நாள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். எப்படி என்று நான் எழுத மாட்டேன். அது அவர் வீட்டோடு இருக்கட்டும். அவருடைய தம்பிதான் அவள் சொன்ன கொழுந்தன். எங்களோடு தோல் பதனிடுகிற கிட்டங்கியில் வேலை பார்த்தவன். அவள் கேட்டபோது அவன் எனக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

என் வாயில் பதில் இருந்தது. ஆனால் அது என் ஒருவனுடைய பதில் இல்லை. ஏன் என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால் முதலில் அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாட்டுங்காவில் யாரோ ஒரு ஆபீஸ் ஐயா உடுத்தி ஓய்ந்த கோட்டு அது. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுத்துப் போகிற ஒரு பெண் அதைத் தலைச்சுமையில் வைத்திருந்தாள். கருநீலம். உள்பக்கம் வழவழவென்று பட்டு மாதிரி ஒரு துணி தைத்திருந்தது. வலது கைமுட்டியில் மட்டும் கொஞ்சம் நைந்திருந்தது, மேசையில் ஊன்றி எழுதிய கை போலிருக்கிறது. நான் தெருவில் நின்று தொட்டுப் பார்த்தேன், விடவே மனசு வரவில்லை. என் ஒருவனால் வாங்க முடியாது. அறையில் இருந்த எட்டுப் பேரும் பங்கு போட்டு வாங்கினோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ஒரு கைக்கடிகாரம் வந்தது. ஒரு குடை வந்தது. மூடியில் ரோஜாப்பூ எழுதின தகரப் பெட்டி ஒன்று வந்தது. எங்களில் யார் ஊருக்குப் போனாலும் இவை எல்லாம் அவனோடு போகும், திரும்பி வரும். அவன் ஊரில் இருக்கிற பத்து நாளைக்கு அவன் பம்பாய்க்காரன். திரும்பி வந்து இறங்கியதும் மறுபடி கோவணத்தைக் கட்டிக்கொண்டு தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழியில் இறங்க வேண்டியதுதான்.

சிரிக்காதீர்கள், இதற்குச் சட்டதிட்டம் எல்லாம் இருந்தது. ஒரே ஊர்க்காரர் இரண்டு பேர் பங்கில் சேர முடியாது. ஊர்க்காரர்கள் ‘இது போன வருஷம் அவன் போட்ட கோட்டுல்லா’ என்று கண்டுபிடித்துவிடக் கூடாதே! அடுத்தது, கடிகாரம் ஓடாது. அதனால் யாராவது மணி கேட்டால் முதலில் வெயிலைப் பார்த்துக் கணக்குப் பண்ணிவிட்டு அப்புறம் கையைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: உண்மையை யாரிடமும் சொல்லக் கூடாது. பெற்றவளிடம்கூட, கட்டியவளிடம்கூட. எட்டுப் பேரும் உப்பில் அடித்துச் சத்தியம் பண்ணியிருந்தோம்.

எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர் ஒருவர் இருந்தார், சாத்தான்குளத்துப் பக்கம். அவரும் கோட்டில் பங்காளிதான். வாயைத் திறந்தால் அறையே சிரிக்கும். கோட்டைத் தட்டி மடித்து வைக்கும்போதெல்லாம், “தாலி கட்டாமலே ஆறு சம்பந்தம் பேசி முடிச்ச மாப்பிள்ளைலே இது” என்பார். அது வேடிக்கை இல்லை, நிஜம். எங்களில் ஆறு பேருக்குப் பெண் கிடைத்தது அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போன பிறகுதான்.

வெறும் பவிசு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊர்களில் பெரிய தெரு என்று ஒன்று இருக்கும். அதற்குள் நாங்கள் போனால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், தோள் துண்டை இடுப்பில் இறக்கிக் கட்ட வேண்டும். கோட்டு போட்டுக்கொண்டு போனால் மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ‘யாரோ, என்னவோ’ என்று ஒரு யோசனை வந்து அவர்களை நிறுத்திவிடும். அந்த ஒரு யோசனைக்குத்தான் நாங்கள் எட்டுப் பேரும் காசு கொடுத்தோம்.

இனி தம்பிகாரனைப் பற்றி. எட்டுப் பேரில் இளையவன் அவன். ஊரில் அண்ணனும் தம்பியுமாக உழுதவர்கள். அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் முதுகு ஒடிந்து வாங்கிப் போட்ட நிலம் அது. அந்த வகையறாவில் சொந்த மண் இருந்தது அந்த ஒரு வீட்டுக்குத்தான். இரண்டு குடும்பத்துக்கு அது காணாது என்று தெரிந்ததும் தம்பி ரயில் ஏறிவிட்டான். மாதம் எட்டு ரூபாய் அண்ணனுக்கு மணியார்டர் போகும். அண்ணனிடமிருந்து கடிதம் வரும். இவனுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டுவேன். நான் பள்ளிக்கூடத்தில் படித்தவன் இல்லை. சாமான் மடித்து வருகிற காகிதத்தைப் பிரித்துப் பிரித்து எழுத்துக் கூட்டினவன். அண்ணன் கடிதத்தில் மழை பெய்யவில்லை என்று ஒரு தடவைகூட எழுதினதில்லை. ‘எல்லாம் சுகம். மாடு கன்று சுகம். நீ உடம்பைப் பார்த்துக்கொள்’ என்றுதான் இருக்கும்.

மழை பெய்யவில்லை என்பது எங்களுக்கு வேறு வழியில் தெரிந்தது. கிட்டங்கிக்கு வருகிற தோலைப் பார்த்தால் தெரியும். ஏர் உழுத மாட்டுக்குக் கழுத்தில் நுகத்தடி அழுத்தி அழுத்தித் தோல் காய்த்துப்போய் இருக்கும். அந்த இடம் பதத்துக்கு வராது, வெட்டித் தள்ளிவிடுவோம். தம்பிகாரன் மட்டும் வெட்டுவதற்கு முன்னால் அதைத் தடவிப் பார்ப்பான். “இது இடத்துப் பக்கம் கட்டின மாடு அண்ணாச்சி. இது வலத்துப் பக்கம்” என்பான். யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் காய்ப்பு விழுந்த தோலாக வந்து இறங்கியது. ஒரு நாள் இரண்டு தோலைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

“என்னலே?” என்றேன்.

“ஜோடியா வந்திருக்கு அண்ணாச்சி. ஒத்த மாட்ட வித்தா ஏதோ கஷ்டம், அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்னு வித்திருப்பான். ஜோடிய வித்தான்னா, அவன் ஏரைத் தூக்கிக் கூரை எரவாணத்துல சொருகிட்டான்னு அர்த்தம்.”

எந்த ஊர் மாடோ, எந்தச் சம்சாரியோ. எங்களுக்கு அந்த வருஷம் ஓவர்டைம் கிடைத்தது. மனுஷர்கள் சொல்கிற பேச்சை நான் மறப்பதில்லை. நான் எழுதிப் பழகியதே அதையெல்லாம் குறித்து வைக்கத்தான். ஆனால் அவன் அன்றைக்குச் சொன்னதை எழுதி வைக்கத் தோன்றவில்லை. எழுதாமலே மனசில் நின்றுவிட்டது.

சித்திரையில் அவன் ஊரில் கோயில் கொடை விழா. அவன் முறையும் வந்திருந்தது. நான் பெட்டியை இறக்கிக் கோட்டை உதறி எடுத்தேன். அவன் கையை நீட்டவில்லை.

“வேண்டாம் அண்ணாச்சி. எங்க அண்ணன்கிட்டப் போறதுக்கு எதுக்கு வேசம்?”

“அண்ணன்கிட்டயா போற? ஊருக்குல்லாலே போற. பெரிய தெரு வழியாத்தானே சப்பரம் வரும்?”

“அண்ணனுக்கு மட்டும் நெசத்தச் சொல்லிரட்டுமா?”

“ஒருத்தங்கிட்டச் சொன்னா எல்லார்கிட்டயும் சொன்ன மாதிரி. மத்த ஏழு பேரு மானமும் அதுல கெடக்கு. கைய நீட்டுலே.”

சோறு பொங்குகிறவர் அடுப்படியிலிருந்து, “கோட்டு போடத் தெரியலன்னா சொல்லுலே, நான் போயி ஒங்க அண்ணனுக்குத் தம்பியா இருந்துட்டு வாரேன்” என்றார். எல்லாரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். சிரிக்கிற நேரத்தில் நான் அவன் கையைப் பிடித்துக் கோட்டுக்குள் விட்டு, மூன்று பட்டனையும் மாட்டிவிட்டேன். அளவு எடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. எட்டுப் பேரில் அவனுக்குத்தான் அது அவ்வளவு பொருந்தியது.

ஊரில் நடந்ததை அவன் பின்னால் துண்டு துண்டாகச் சொன்னான். மாதக்கணக்காகச் சொன்னான். நான் சேர்த்துச் சொல்கிறேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன் அவன் கோட்டுக் கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாராம். “நல்ல துணி” என்றாராம். அன்றைக்கே சேவல் அடித்தார்கள். நெல்லுச் சோறு. வீட்டில் இருந்தது அந்த ஒரு சேவல் என்றும், நெல்லு பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கியது என்றும் அப்போது தம்பிக்குத் தெரியாது. கோட்டு போட்ட தம்பிக்குக் கூழ் ஊற்ற அண்ணனுக்கு மனசு இல்லை. அண்ணன் சேவல் அடிக்கிற வசதியில் இருக்கிறார் என்று தம்பி நினைத்துக்கொண்டான். “வெள்ளாமை எப்படிண்ணே?” என்று கேட்டான். “இந்தத் தடவை பரவாயில்ல” என்றார் அண்ணன். “ஒனக்கு வேலை எப்படி?” என்று கேட்டார். “சுகமா இருக்குண்ணே” என்றான் இவன். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் இலையில் ஒருவர் கறித்துண்டை எடுத்து வைத்தார்களாம்.

ஆனால் நடந்திருந்தது வேறு, அது அவனுக்குப் பின்னால்தான் தெரிந்தது. போன வருஷம் அண்ணனுடைய உழவு மாட்டில் ஒன்று செத்துப்போயிருந்தது. வேறு மாடு பிடிக்கவும் விதைக்கும் பெரிய வீட்டுக்காரர் ஒருவரிடம் நிலத்தை எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கியிருந்தார். விதை முளைத்தது. மழை வரவில்லை. முளைத்தது கருகியது. நடையாய் நடந்து, காலில் விழாத குறையாகக் கேட்டு, தை வரைக்கும் தவணை வாங்கி வைத்திருந்தார். தையில் ஒரு போகம் எடுத்தால் மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்கு.

கொடையன்று சப்பரம் பெரிய தெரு வழியாக வந்தது. தம்பி செருப்பைக் கழற்றவில்லை, கோட்டோடு நடந்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடன் கொடுத்த பெரிய வீட்டுக்காரர் மட்டும் படியில் நின்று அவனைக் கூப்பிட்டு மணி என்ன என்று கேட்டார். இவன் எங்கள் சட்டப்படி வெயிலைப் பார்த்தான், அப்புறம் கையைப் பார்த்தான், மணி சொன்னான். அண்ணன் பக்கத்தில் நின்றார். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை என்று தம்பி சொன்னான்.

மறுநாள் காலையில் அந்த மனுஷர் அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“ஒன் தம்பி பம்பாய்ல தொரை மாதிரி இருக்கான். கோட்டென்ன, கடியாரமென்ன. ஒனக்கு எதுக்கு நான் தை வரைக்கும் பொறுக்கணும்? ஆடிக்குள்ள முடிச்சுரு. இல்லன்னா நெலத்த விட்டுரு.”

‘அவனிடமும் இல்லை சாமி’ என்று சொல்ல அண்ணனால் முடியவில்லை. நேற்றுத்தான் தெருவே பார்த்திருக்கிறதே. அவருக்கே தெரியாதே. தம்பியிடம் இருக்கிறது என்றுதான் அவரும் நம்பினார்.

தம்பியிடம் கேட்டிருக்கலாம் என்பீர்கள். மூத்தவர், தூக்கி வளர்த்தவர். இளையவனிடம் கை நீட்டுவது அவருக்குப் பழக்கம் இல்லை. கோட்டு போட்டு வந்தவன், தானே பார்த்து, ‘என்னண்ணே, முகம் வாடியிருக்கு?’ என்று கேட்பான் என்று காத்திருந்திருக்கிறார். இவன் கேட்கவில்லை. கேட்டால் கொடுக்க வேண்டும். கோட்டின் உள்பையில் மூன்று ரூபாயும் சொச்சமும் இருந்தது, அதுவும் மதராஸில் ரயில் மாறும்போது சாப்பாட்டுக்கு.

புறப்பட்ட அன்று பஸ் நிற்கிற இடத்துக்கு இரண்டு மைல் நடை. தகரப் பெட்டியை அண்ணன் தலையில் வைத்துக்கொண்டார். இவன் எவ்வளவோ மன்றாடியும் கொடுக்கவில்லை. “கோட்டு போட்டவன் பெட்டி சொமந்தா பாக்கறவன் சிரிப்பான்லே” என்றார். பஸ் வந்தது. இவன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “தம்பி…” என்றார். இவனும் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான். பஸ்ஸுக்குள் ஊர்க்காரர் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன், “வெயில் ஜாஸ்தி, பாத்துப் போ” என்றார். இவன் “சரிண்ணே” என்றான். அவ்வளவுதான் இரண்டு பேரும் பேசியது.

ஆவணியில் தந்தி வந்தது. கிட்டங்கிக் கணக்குப்பிள்ளை தமிழில் சொன்னார். முதலாளி ராமநாதபுரத்துப் பக்கத்து முஸ்லிம், அதிகம் பேச மாட்டார். முன்பணத்தை எடுத்து அவன் மடியில் வைத்து, “போயிட்டு வாப்பா” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்தத் தடவை யாரும் பெட்டியை இறக்கவில்லை. அவன் போட்டிருந்த பனியனுக்கு மேலே என் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு ஓடினான். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து சாம்பல்கூட ஆறியிருந்தது.

மதினி அவன் முகத்தில் விழிக்கவில்லை. இரண்டு பெண்பிள்ளைகளையும் அவன் பக்கத்தில் விடவில்லை. நிலம் ஆடியிலேயே போயிருந்தது. ‘கோட்டு வாங்கின காசை அண்ணனுக்குக் குடுத்திருந்தா’ என்று ஊரே அவன் காதுபடப் பேசியது. அவன் பதினாறாம் நாள்வரை இருந்துவிட்டுத் திரும்பி வந்தான். அதன் பிறகு அவன் அனுப்பிய மணியார்டர் இரண்டும் ‘வாங்க மறுத்தார்’ என்று தபால்காரர் கையெழுத்தோடு திரும்பி வந்தன.

“நெசத்த ஏம்ல சொல்லல?” என்று கேட்டேன்.

“சத்தியம்லா அண்ணாச்சி” என்றான்.

அந்த வார்த்தையை அவன் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கார்த்திகையில் அவள் வந்தாள். பிள்ளைகளைத் தாய் வீட்டில் விட்டுவிட்டு, தாராவிக்குத் திரும்புகிற வேற்றூர்க் குடும்பம் ஒன்றோடு வந்து தாதரில் இறங்கியிருக்கிறாள். எங்கள் அறை வரிசை முனையில் நின்று, “கோட்டு போடுத ஆளு வீடு எது?” என்று கேட்டிருக்கிறாள். அவள் யார் என்று தெரியாமல் சோறு பொங்குகிறவர், “இங்க சட்டை போடுத ஆளையே தேடணும் தாயி, கோட்டுக்கு எங்க போவ?” என்றிருக்கிறார். பிறகு விஷயம் தெரிந்து மனுஷர் தலையில் அடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் கொழுந்தனைப் பார்த்தாள். குழியிலிருந்து ஏறி வந்தவனைப் பார்த்தாள். இடுப்பில் ஒரு முழத் துணி. சுண்ணாம்பு தின்ற கை, நகக்கண்ணில் தோல் உரிந்து சிவந்து இருந்தது. உடம்பெல்லாம் மாட்டு மயிர். அறையைப் பார்த்தாள். எட்டுப் பேர் முறை வைத்துப் படுக்கிற இடம். அவளுக்குப் பக்கத்து வரிசையில் ஒரு குடும்பத்தில் இடம் பிடித்துக் கொடுத்தோம். கொடுத்த கஞ்சியைக் குடித்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கும் முன்னால் எட்டுப் பேரும் கூடினோம். அவள் கேட்கப்போகிறாள் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

“சொன்னா ஊருக்குப் போயிச் சொல்லுவா. பக்கத்துப் பக்கத்து ஊருதான எல்லாம்? எட்டு ஊருக்கும் தெரிஞ்சுரும்” என்றார் ஒருவர்.

“எம் மாமனாரு ஏற்கெனவே என்னையப் பாத்துக் கோட்டு எங்க கோட்டு எங்கன்னு கேட்டுக்கிட்டிருக்காரு” என்றான் போன வருஷம் கல்யாணமான ஒருவன்.

“ஒரு பொம்பள வயிறெரிஞ்சு வந்து நிக்கா. ஒனக்கு மாமனாரு!” என்று சோறு பொங்குகிறவர் சீறினார்.

தம்பிகாரன்தான் கடைசியில் பேசினான். “என்னுதுன்னே சொல்லிருங்க அண்ணாச்சி. எங்க அண்ணன் போயாச்சு. என் பேரு கெட்டா ஒரு பேரோட போகும். நெசத்தச் சொன்னா எட்டுப் பேரு கெடும். என்னைய வையணும்னுதான வந்திருக்கா? வஞ்சுட்டுப் போகட்டும்.”

யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. என்னிடம்தான் கேட்பாள், நான்தான் மூத்தவன், பொய் சொல்லமாட்டான் என்று பேர் வாங்கினவன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றாள். நான் “மொதல்ல இப்படி உக்காரு தாயி” என்றேன். அவன் நல்ல பிள்ளை, குடி கிடையாது, சீட்டு கிடையாது என்று என்னவோ சொல்லிக்கொண்டே போனேன். அப்போதுதான் அவள் உட்கார வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டது. விடாமல் மேலும் சொன்னாள்.

“கடைசி நாளு சாயங்காலம் அவ்வோ எங்கிட்ட என்ன சொன்னாவ தெரியுமா? ‘தம்பிக்கு எழுதிராத. அவன் நல்லா இருக்கான், இருந்துட்டுப் போகட்டும்’னாவ. நான் எழுதல அண்ணாச்சி. எழுதியிருந்தா இவரு குடுத்திருப்பாரா, மாட்டாரா? கையில இருந்தும் சும்மா இருந்தாரா, இல்ல இல்லாமத்தான் இருந்தாரா? நேத்துலேர்ந்து பாக்கேன். இங்க ஒரு முழம் கயிறுகூட இவருக்குன்னு சொந்தமா இல்ல. அப்போ அந்தக் கோட்டு எங்கேர்ந்து வந்துச்சு? இது தெரியாம நான் எம் பிள்ளையள்ட்ட என்ன சொல்லுவேன்? ஒங்க சித்தப்பன வையுங்கன்னு சொல்லவா? அவரு காசுல கஞ்சி குடிங்கன்னு சொல்லவா?”

எனக்குப் பின்னால் தம்பிகாரன், “மதினி, அது நான் வாங்கி…” என்று ஆரம்பித்தான்.

“நீ சும்மா இரு” என்றேன்.

சொன்னேன். “எனக்கு அதுல பங்கு உண்டு தாயி. இந்தா நிக்காவ பாரு, எட்டுப் பேருக்கும் உண்டு. முறை வச்சு ஊருக்குப் போட்டுக்கிட்டுப் போவோம். கடியாரம் ஓடாது. பெட்டியும் அவனுது இல்ல. பஸ் ஏறும்போது அவன்ட்ட மூணு ரூவாதான் இருந்துச்சு. வேண்டாம்னுதான் சொன்னான். ஒன் புருசன்கிட்ட மட்டும் நெசத்தச் சொல்லிருதேன்னு கெஞ்சினான். நான்தான் விடல. கையப் பிடிச்சு மாட்டி விட்டது நான்தான்.”

சொல்லி முடித்தேன். அடுத்த வரிசையில் யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். சோறு பொங்குகிறவரைப் பார்த்தாள். புது மாப்பிள்ளையைப் பார்த்தாள். கொழுந்தனைப் பார்த்தாள், அவனை மட்டும் கொஞ்சம் கூடுதலாக. கடைசியாக என்னைப் பார்த்தாள். நல்ல பேர் வாங்கின என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் அவள் குனிந்தாள்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில், வயிறெரிந்த பெண் ஒரு கை மண்ணை வாரி வீட்டு வாசலில் தூற்றினால் அந்த வீடு விளங்காது. அங்கே மண் எப்போதும் காய்ந்துதான் இருக்கும். கையிலிருந்து புறப்பட்டுப் புகையாகப் பறக்கும். இங்கே எங்கள் வாசல் என்றைக்குக் காய்ந்தது? கிட்டங்கித் தண்ணீரும் சுண்ணாம்பும் மயிரும் சேர்ந்து வருஷம் பூரா சேறாகக் கிடக்கும். அவள் ஒரு கை வாரினாள். நிமிர்ந்தாள். கையைத் தலைக்கு மேலே ஓங்கினாள். நாங்கள் எட்டுப் பேரும் நகரவில்லை, ஒருத்தரும் முகத்தை மறைக்கவில்லை. அவள் வீசினாள்.

அது கையை விட்டுப் போகவில்லை. விரலிடுக்கில் அப்பிக்கொண்டு, மணிக்கட்டு வழியாக அவளுடைய வெள்ளைச் சேலையில் வழிந்தது. மறுபடியும் ஒரு தடவை உதறினாள். அப்போதும் போகவில்லை. கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து, அது யாருடைய கையோ என்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அந்தக் கையை உடம்பில் படாமல் விலக்கிப் பிடித்துக்கொண்டு, எங்களைத் தாண்டித் தெரு முனைக் குழாயடிக்குப் போனாள். அங்கே பத்துப் பன்னிரண்டு பெண்கள் குடத்தோடு நின்றார்கள். “கையத்தான கழுவணும், முன்னால வா தாயி” என்று ஒருத்தி வழிவிட்டாள். அவள் போகவில்லை. வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.